ஆடியில் ஜெனரேட்டர்

ஆடி பிறந்ததும்
அம்மாபேட்டையில் எங்கள் மண்டபத்துக்குப் பூட்டு.
சேலமே கோட்டை மாரியம்மனிடம் போய்விட்டது.
நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறி நிற்க,
பின்பக்கக் கொட்டகையில்
ஜெனரேட்டர், அதன் பேட்டரி, நான்.

போன வருஷம்
பழைய சார்ஜரை மாட்டிவிட்டு ஓமலூர் போனேன்.
மூன்று நாள். அது ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.
வந்து பார்த்தால் பேட்டரி வயிறு உப்பி,
ஆசிட் நாற்றம், தரையில் வெள்ளைத் தழும்பு.
வேண்டாம் வேண்டாமென்று மறைக்கும் கைமேலேயே
பாயசம் ஊற்றுகிற எங்கள் ஊர் உபசாரம்.

அதற்கு முந்தின வருஷம்
கழற்றியே வைத்திருந்தேன்.
அது பட்டினிச் சாவு.
தகட்டில் உப்புப் பூத்திருந்தது.

இந்தத் தடவை மேனேஜர் சிங்காரவேலு
நாலு கடை ஏறி இறங்கி
உள்ளங்கை அகலத்தில் ஒன்று வாங்கி வந்தார்.
நிரம்பினால் பச்சை விளக்கு, கை நின்றுவிடும்.
இறங்கினால் மட்டும் ஒரு வாய்.
இலையை மூடியவனை மறுபடி கேட்காமல்
ஓரமாய்க் காத்து நிற்கும் பரிமாறுகாரனை
இந்த மண்டபத்தில் நான் பார்த்ததேயில்லை.

ஆவணி. முதல் முகூர்த்தம்.
தாலி எடுத்துக் கொடுக்கிற நொடியில் கரண்ட் போனது.
ஓடினேன். சாவி. ஒரே திருகு.
கெட்டிமேளத்தில்
அது கிளம்பிய சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.
வீடியோக்காரர் மட்டும்
“லைட்டு ஒருதடவை சிமிட்டுச்சே” என்றார்.

மூன்று மணிக்குக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தேன்.
போதும் என்றேன்.
இன்னொரு கரண்டி விழுந்தது.