தாமத வண்டி

ஐந்தே காலுக்கு என் வண்டி.
மூன்று மணிக்குப் போகிறவர்கள் போன பிறகு
மிச்சப் பிள்ளைகளுக்கானது.
டுலூத் நகரில், டிசம்பரில்,
ஐந்தே கால் என்பது நள்ளிரவின் தம்பி.

உணவுக்கூடத்தில் சதுரங்கம் முடியும்வரை
எஞ்சினை அணைக்காமல் காத்திருப்பேன்.
சன்னலில் தெரியும்
பன்னிரண்டு பலகைகள், பீட்சா கறை போகாத மேசைகள்.
தொலைந்துபோன கறுப்பு ராஜாவுக்குப் பதிலாகப்
பசைக்குச்சியின் மூடி ஒன்று
முடியில்லாமல் ஆள்கிறது.

எனக்கு ஆட்டம் தெரியாது.
குதிரை கோணலாகப் போகும், அவ்வளவுதான்.
பனியில் என் வண்டியும் அப்படித்தான் போகும்.

காய்களைப் பெட்டியில் கொட்டிய பிறகும்
இரண்டு பேருக்கு ஆட்டம் முடிவதில்லை.
முன்னிருக்கையில் பாகூ வாங்.
கடைசியில் ஆரின்.
நடுவே பலகை இல்லை,
பதினொரு வரிசை இருட்டு,
மூக்குறிஞ்சும் பிள்ளைகள், ஒரு டிராம்போன் பெட்டி.
"மந்திரி சி நாலு" என்று அவள் எறிவாள்.
தண்டவாளம் தாண்டி, வண்டி முனகி முனகி
மேடேறிய பிறகு
பின்னாலிருந்து பதில் வரும்.
சில நாள் அதற்குள் அவன் நிறுத்தம் வந்துவிடும்.
ஒரு கால் படியில், ஒரு கால் பனியில்,
சொல்லிவிட்டு ஓடுவான்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய் அவன் ஏறவில்லை.
புதனும்.
வாடகை, அம்மாவின் வேலை என்று
அலுவலகத்தில் பாதி சொன்னார்கள்,
மீதியை நான் கேட்கவில்லை.
பாலத்துக்கு அப்பால் வேறு மாநிலம், வேறு பள்ளி.
அந்த நிறுத்தத்தைத் தாளில் அடித்துத் தந்தார்கள்.
நின்றேன். கதவைத் திறந்தேன்.
குளிர் மட்டும் ஏறிக்கொண்டது.
"அவன் முறை" என்றாள் பாகூ,
யாரையும் பார்க்காமல்.

மூன்று வாரம் அவன் முறையாகவே இருந்தது.

பிறகு ஒரு ஞாயிறு, பாலத்துக்கு அந்தப் பக்கம்,
பெட்ரோல் நிலையத்தில், ஒரு காருக்குள் ஆரின்.
கண்ணாடியை இறக்கினான்.
வணக்கம் இல்லை, நலமா இல்லை.
"யானை டி ஐந்து. சொல்லிடுங்க."

ஏரிக்காற்று, குழாயின் இரைச்சல், காதை மூடிய என் தொப்பி.
வீடுவரை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தேன்:
யானை பி ஐந்து, யானை பி ஐந்து.

திங்கள் மாலை ஒப்படைத்தேன்.
பாகூ கண்ணை மூடினாள். திறந்தாள்.
"பி ஐந்தா? நிச்சயமா?"
நிச்சயம் என்றேன்,
வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் சொல்வதுபோல.
"அங்க என் சிப்பாய் இருக்கே.
சும்மா வெட்டிடுவேனே."

வெட்டவில்லை.
தொட்ட காயை நகர்த்தியே தீர வேண்டும் என்று
உணவுக்கூடச் சுவரில் எழுதியிருக்கிறது.
அதை நான் நினைவுபடுத்தினேன், நியாயம் பேசுவதாக எண்ணிக்கொண்டு.
இரண்டு நிறுத்தம் பேசாமல் வந்தாள்.
பிறகு,
"தொட்டது அவன் இல்லையே, நீங்கதானே" என்றாள்.

அவ்வளவு பெரிய யானையை
ஒரு மைல் நீளப் பாலத்தில் நடத்திவந்து
தப்பான கட்டத்தில் இறக்கியிருக்கிறேன்.

இறங்கும்முன் என் பக்கத்துக் கண்ணாடியில் ஊதினாள்.
ஆவியில் விரலால் கட்டங்கள்.
"இது பி. இது டி.
அவன் இங்கதான் வருவான்."
கட்டங்கள் உடனே உறைந்துபோயின்.
மறுநாள் காலை சுரண்ட மனம் வரவில்லை,
அந்த ஓரத்தை விட்டுவிட்டுச் சுரண்டினேன்.

அடுத்த ஞாயிறு
டாங்க் முக்கால்வாசி நிறைந்திருந்தும்
பெட்ரோல் போடக் கிளம்பினேன்.
கையுறைக்குள், உள்ளங்கையில், பேனாவில்:
குதிரை எஃப் ஆறு.
எஃப். எஸ் அல்ல.