சுற்றாத குழாய்

ஏழு புள்ளி நான்கு.
இயந்திரம் சிவப்பில் காட்டுகிறது,
பக்கத்தில் இரண்டு ஆச்சரியக்குறி.
இவ்வளவு பொட்டாசியத்தோடு ஓர் இதயம்
இந்நேரம் தடுமாறத் தொடங்கியிருக்கும்.

பெயர் சைராகுல். வயது ஐம்பத்தெட்டு.
ரத்தம் எடுத்தது நேற்று மதியம் மூன்றுக்கு,
கணவாய்க்கு அப்பால் உள்ள சின்ன மருத்துவமனையில்.
அங்கே இருப்பது ஒரே ஒரு சென்ட்ரிஃபியூஜ்.
ஜனவரியிலிருந்து அதன் மூடி பூட்டுவதில்லை.
மூடி பூட்டாவிட்டால் அது சுற்றாது.

குழாய் அப்படியே புறப்பட்டது
எர்மெக்கின் ஜீப்பில்,
இரண்டு மூட்டை உருளைக்கிழங்குக்கும்
ஒரு கார் பேட்டரிக்கும் நடுவே.
தோலோன் கணவாயில் பனி.
இரவு முழுக்க ஜீப் நின்றது.
எர்மெக் கோட்டுக்குள் சுருண்டுகொண்டான்.

சுற்றியிருந்தால்
பத்து நிமிடத்தில் பாகப்பிரிவினை முடிந்திருக்கும்:
செல்கள் அடியில், நடுவே ஜெல் ஒரு சுவர்,
மேலே வைக்கோல் நிறத்தில் சீரம்.
மூன்று மணிக்குச் சொன்னதையே
மறுநாளும் சொல்லும்.

சுற்றாத ரத்தம்
கூட்டுக்குடித்தனம் நடத்திக்கொண்டே வருகிறது.
ஒவ்வொரு செல் வாசலிலும் ஒரு காவல்காரன்,
நழுவும் பொட்டாசியத்தைப் பிடித்துப் பிடித்து
உள்ளே தள்ளுகிறவன்.
குளிரில் அவனுக்குக் கை விறைத்துவிட்டது.
கதவு உடையவில்லை, சுவர் உடையவில்லை.
விடிய விடிய
ஒவ்வொன்றாய் வெளியே நடந்து போயின.

காலையில் நான் சுற்றினேன்.
தெளிந்த சீரம். ஒரு சிவப்புக் கீற்றுகூட இல்லை.
அதுதான் பயம்.
கெட்டது கெட்டதாகவே தெரிந்தால்
என் வேலை எவ்வளவு சுலபம்.

டாக்டர் மாம்பெதோவ் வாசலில் நிற்கிறார்.
"எண் என்ன, புருல்கான்?"
"எண் இருக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை."
"குழாயில் பெயர் ஒட்டியிருக்கிறதே?"
"ஒட்டியிருக்கிறது. ஆனால் நேற்று இரவும் அதில் இருக்கிறது."

செவிலிக்குப் போன் செய்தேன்.
சைராகுல் எங்கே?
முதலில் காற்றின் இரைச்சல். பிறகு,
"குதிரைமேல். சினைக்குதிரை ஒன்று
வேலி தாண்டிவிட்டதாம்.
வைதுகொண்டே போனாள்."

சிரித்துவிட்டேன். உடனே நிறுத்திக்கொண்டேன்.
வைகிறவளுக்கும் சிறுநீரகம் கெட்டிருக்கலாம்.
கால் வீக்கத்துக்காகத்தானே ரத்தமே எடுத்தார்கள்.
ஆள் அனுப்பிக் கூப்பிடு, வந்ததும் இசிஜி எடு,
புது ரத்தம் எடு என்றேன்.

நம் பழைய இயந்திரத்தின் தாழ்ப்பாளைக் கழற்றி
எர்மெக்கின் சட்டைப்பையில் போட்டேன்.
பொருந்துமா தெரியாது.

அறிக்கையில் எழுதுகிறேன்:
சுற்றாமல், குளிரில், பதினேழு மணி நேரம்.
பொட்டாசியம்: முடிவு இல்லை.
ஆச்சரியக்குறிகள் இரண்டையும்
இயந்திரமே வைத்துக்கொள்ளட்டும்.