சீமெந்து மைல்கள்

ஒரு மூட்டை சீமெந்துக்கு ஒன்பது மைல்.
யாரும் எங்கேயும் போக வேண்டாம்,
மொத்த வியாபாரியின் மெசினில்
கார்டைத் தேய்த்தால் போதும்.

நாலு வருசம் தேய்த்தோம்.
பெயின்ட், ஆணி, பைப், கம்பி,
கீழ்க்கணக்கு கோயில் கோபுரத்துக்குப் போன
நூற்றுப்பத்து மூட்டை.
பொகவந்தலாவைக் கடையை விட்டு நகராமலே
உலகத்தை ஆறரைச் சுற்று
சுற்றியிருந்தோம்.

லண்டனில் நடுச்சாமம் அடிக்கும்போது
ஓசி ஆசனங்களைத் திறந்துவிடுவார்களாம்.
அவர்களுடைய நடுச்சாமம்
எங்களுக்கு விடிய ஐந்தரை.
தண்ணீர்த் தாங்கி மேட்டில்தான் சிக்னல்.
ஸ்வெட்டருக்கு மேல் துவாயைப் போர்த்திக்கொண்டு
பத்தொன்பது விடியல் ஏறினேன்.
வேலைக்கு இறங்குகிற பெண்கள்
"யாருக்குக்கா இந்நேரத்தில கோல்?" என்று
சிரித்துக்கொண்டு போனார்கள்.

இருபதாம் நாள் திறந்தது.
போக ஒன்று, வர ஒன்று.
மகன் பட்டம் வாங்குவதைப் பார்க்கப் போவதோ
இரண்டு பேர்.

யோகராஜாவுக்கு முதுகில் தட்டு விலகல்,
அதுவும் சீமெந்து கொடுத்ததுதான்.
"போகும்போது நீங்க படுங்க,
வரும்போது நான்" என்றேன்.
"ஒண்ணா போய் என்னடி இது,
ஒரே பிளேன்ல ரெண்டு வீடு" என்றார்.
ஆனால் மறுக்கவில்லை.

எனக்கு நாற்பத்தோராம் வரிசை, நடு ஆசனம்.
இடப்பக்கத்துக்காரர் என் தோளில் தூங்கினார்.
நாலாவது மணித்தியாலத்தில் பொறுக்காமல்
முன்னால் நடந்து திரையை விலக்கினேன்.
வாயைத் திறந்தபடி,
காலை முழுசாக நீட்டி,
மல்லாந்து கிடந்தார் மனுசன்.
நேராகப் படுத்து நான் பார்த்து
பதினொரு வருசமாகிறது.

"மேடம், உங்கள் பாத்ரூம் பின்னால்" என்றாள்
சிவப்பு உதட்டுக்காரி, மிக மரியாதையாக.
அந்தக் கட்டில் என் கணக்கு என்று சொல்ல
வாயெடுத்துவிட்டு
திரும்பி நடந்தேன்.

வரும்போது என் முறை.
எல்லாப் பொத்தானையும் அமுக்கினேன்.
ஆசனம் எழுந்தது, சாய்ந்தது, முதுகைப் பிசைந்தது.
துணி விரித்துச் சோறு வைத்தார்கள்,
உப்புக்குக்கூட ஒரு குட்டிச் சாடி.
"மலைநாட்டுத் தேநீர் இருக்கிறது" என்றாள்.
கோப்பி கேட்டேன்.
விளக்கை அணைத்த பிறகும் கண்ணை மூடவில்லை.
நாலு வருசத்துச் சீமெந்தைத்
தூங்கியா கழிப்பது?

கட்டுநாயக்காவில் பெட்டிகளோடு நின்ற அவர்
ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார்.
அதற்குப் பிறகு வேன்.
கினிகத்தேனை தாண்டியதும்
ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு "அம்மா".
நோர்வூட்டில் நிறுத்தி மருந்து பூசினேன்.
வானத்தில் நீட்டி வைத்த முதுகை
மலை மறுபடியும்
மடித்து வாங்கிக்கொண்டது.

மறுநாள் கடை திறந்தோம்.
முதல் ஆள் பாக்கியமேரி,
மழை ஒழுகும் மூலைக்கு ஒரு கூரைத் தகடு, கடனுக்கு.
"எம்புட்டு தூரம் போய் வந்தீங்க?"
"போக வர பத்தாயிரத்து எண்ணூறு மைல்."
"அடேயப்பா, கால் வீங்கியிருக்குமே!"

தகட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.
காற்று அதைப் பிடித்து இழுக்க
ஒரு கையால் சேலையை, ஒரு கையால் தகட்டை
அமுக்கிக்கொண்டு மேட்டில் திரும்பினாள்.

கொப்பியில் கடனை எழுதினேன்.
பழக்க தோசம்,
பக்கத்தில் பென்சிலால் இன்னொன்றும் எழுதிவிட்டேன்:
மேல்கணக்கு லயம்,
இரண்டரை மைல்.
எந்தக் கார்டில் ஏற்றுவதென்று
தெரியவில்லை.