450

மஸ்ஜித் பந்தரில், மூன்றாம் மாடியில்,
கழிவறைக்கும் கணக்கர் மேசைக்கும் நடுவே
பதினோரு வருடமாய் அணையாத ஒரு பெட்டி.
இருபத்து மூன்று பேரின் அஞ்சல் அதில்தான்.
கப்பல் ரசீதுகள், சுங்கத் தாள்கள்,
காண்ட்லாவில் சிக்கிய பேரீச்சம்பழம் பற்றி
ஒரே கேள்வியை ஒன்பது முறை கேட்கும் மடல்கள்.

எதைப் போடப் போகிறாய், வெள்ளிக்குள் சொல்
என்றார் விசன்ஜி சேட்.

இருப்பது செண்ட்மெயில்.
அமைப்புக் கோப்பைத் திறந்தால்
கொட்டிய கடுகு போல நிறுத்தற்குறிகள்.
நடுவில் ஒரே ஒரு மனித வாக்கியம்:
‘இதைத் தொடாதே. பாவேஷ், 2013.’
பாவேஷ் இப்போது மஸ்கட்டில். போன் செய்தேன்.
ஏன் தொடக்கூடாது?
மறந்துவிட்டது என்றான்.

எக்ஸிம் எது கேட்டாலும் செய்யும்.
அதுதான் பயம். எனக்குப் பின் வருகிறவர்
மஸ்கட்டுக்குப் பதில் என்னைக் கூப்பிடுவார்.
போஸ்ட்ஃபிக்ஸில் வேலைக்கு ஓர் ஆள்.
வாங்குகிறவன் வாசலில், அடுக்குகிறவன் உள்ளே,
கொண்டுபோகிறவன் தனி.
ஒருவனை ஒருவன் முழுதாய் நம்புவதில்லை.
இந்த ஊரில் இதற்கு டப்பாவாலாவை உவமை சொல்வார்கள்.
நான் சொல்வதாயில்லை.
கூட்டுக்குடும்பம், ஆளுக்கொரு பீரோ சாவி
என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவும் வேண்டாமென்றால்
வெளிநாட்டுக் கம்பெனியிடம் தலைக்கு இவ்வளவு, மாத வாடகை.
வாடகை என்றதும் சேட்
கால்குலேட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வாடகை.
நானும் அப்போது வீடு தேடிக்கொண்டிருந்தேன்.
குர்லா, காட்கோபர், முலுண்ட்.
தரகர் பெட்ணேகர் போனில் தேனாய்ப் பேசுவார்.
பெயர் என்ன மேடம்?
தஸ்லீமா.
ஓ. ஓனர் ஊரில் இல்லை.
கொஞ்சம் கழித்துக் கூப்பிடுங்கள்.

அஞ்சல் வழங்கிகள் எண்ணில் பேசும்.
250: சரி, வாங்கிக்கொண்டேன்.
550: இங்கே அப்படி யாரும் இல்லை, போ.
450: இப்போது இல்லை, பிறகு வா.
அறிமுகமில்லாதவர் முதல்முறை கதவைத் தட்டினால்
காரணமின்றி 450 சொல்லி அனுப்ப ஒரு வசதி உண்டு.
குப்பை அனுப்புகிறவன் திரும்ப வரமாட்டான்,
நல்லவன் காத்திருந்து மறுபடி வருவான்.
கணக்கு பெரும்பாலும் சரிதான்.
எத்தனையோ அலுவலகங்களில் நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

வியாழன் இரவு. மழை. மின்சாரம் போய் வந்தது.
போஸ்ட்ஃபிக்ஸ் ஏற்றினேன். பெட்டிகளைக் காக்க டவ்காட்.
பெயருக்குப் பொருள் புறாக்கூண்டு.
ஏசி மேல் நனைந்துகொண்டிருந்த அசல் புறாக்களுக்கு
அதில் அக்கறை இல்லை.

முதல் சோதனை மடல் திரும்பி வந்தது.
புது இணைப்போடு வந்த ஐபி முகவரியில்
முன்பு குடியிருந்தவன் ஒரு லாட்டரி மோசடிக்காரன்.
அவன் பட்ட கடன் எங்கள் வாசலில்.
கறுப்புப் பட்டியல்காரர்களுக்கு மனு எழுதினேன்:
‘நாங்கள் அவர் இல்லை.
புதிதாகக் குடிவந்தவர்கள்.
பேரீச்சம்பழம் இறக்குகிறோம்.’
எழுதி முடித்ததும் சிரிப்பு வந்தது.
பிறகு வரவில்லை.

அறிமுகமில்லாதவரை நிறுத்திவைக்கும் வரி
கோப்பில் என் விரலுக்கு நேரே.
முன்னால் இருக்கும் # குறியை எடுத்தால் போதும்,
ஓடத் தொடங்கும்.

எடுக்கவில்லை.

குப்பை கொஞ்சம் கூடுதலாக வரும்.
அதற்கு ஒரு வடிகட்டி வைத்தேன்,
உள்ளே விட்டு, படித்துப் பார்த்து, பிறகு முடிவுசெய்யும் வகை.
நினைவகம் தின்னும்.
தின்னட்டும்.

வரிக்கு மேலே, அடுத்து வருகிறவருக்காக எழுதினேன்:
‘தொடலாம். நான் ஏன் தொடவில்லை என்பது கீழே.’
கீழே நாலு வரி.
அதில் வீட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

வெள்ளி காலை சேட் கேட்டது ஒன்றுதான்: செலவு?
சொன்னேன்.

பதினொன்றே காலுக்கு ராஸ் அல் கைமாவிலிருந்து
இதுவரை எங்களுக்கு எழுதியேயிராத யாரோ ஒருவர்
வரிக்கு இரண்டு எழுத்துப்பிழையோடு விலை கேட்டிருந்தார்.
முதல் தட்டலிலேயே 250.

பெட்ணேகரின் ஓனர்
இன்னும் ஊர் திரும்பவில்லை.