பென்சில் விலை

பிளெசான்ஸ் விமான நிலைய வாசலில்
என் பெயர் எழுதிய அட்டை எவர் கையிலும் இல்லை.
ரோஸ் ஹில் கண்காட்சிக்கு நாற்பது பட்டுச் சேலை,
இரண்டு பெட்டி,
சுங்கத்தில் அவிழ்த்துக் கட்டியதில் ஒரு கயிறு குறைவு.
"தமிழா?" என்றார் ஒருவர்.
அந்த ஒரு சொல்தான் அவரிடம் இருந்தது என்பது
கார் கிளம்பிய பிறகு தெரிந்தது.

முன்கண்ணாடி ஓரத்து அனுமதி அட்டையில்
அவர் பெயரை எழுத்துக் கூட்டினேன்.
வைடெலிங்கும்.
வைத்தியலிங்கம் கப்பல் ஏறி
பிரெஞ்சுக்காரன் வாயில் நனைந்து
ஆங்கிலேயன் பேனாவில் உலர்ந்திருக்கிறார்.
மீட்டர் இருக்கவேண்டிய இடத்தில்
பிளாஸ்டிக் செம்பருத்தி சூடி
வேலோடு முருகன் நின்றார்.
முருகனை நகர்த்திவிட்டு எண்ணைப் பார்க்க
எந்தத் தமிழனுக்குத் துணிச்சல் வரும்?

கரும்பு, கரும்பு,
கியூர்பிப்பில் ஒரு மழை,
மறுபடி கரும்பு.

மண்டபத்து வாசலில் நிறுத்தி
முதலில் மூன்று விரல் காட்டினார், பிறகு முழுக் கை.
மூவாயிரத்து ஐந்நூறு.
ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் கொடுத்திருக்கக் கூடாது என்று
காவலாளி அப்புறம் தலையில் அடித்துக்கொண்டார்.
அவர் சொல்லும் முன்பே எனக்குத் தெரியும்.
கிரியோலில் ஒரு சொல் புரியாது,
ஆனால் அந்த இடைவெளி புரிந்தது.
விலை சொல்வதற்கு முன்னால்
அவர் கண் என் செருப்புக்கு இறங்கி
பெட்டிக்கு ஏறி
கைக்கடிகாரத்தில் ஒரு கணம் தங்கி
திரும்பி வந்ததே, அது.
பதினேழு வருடமாகக் காஞ்சிபுரத்தில்
நான் பார்க்கும் வேலை அதுதான்.

எங்கள் கடை விலைச்சீட்டின் மூலையில்
பென்சிலில் சில எழுத்து இருக்கும்.
முதலாளி மனைவி பெயரும்
மாமனார் ஊர்ப் பெயரும் சேர்ந்தால் பத்து எழுத்து,
ஒன்றிலிருந்து சைபர் வரை.
எங்களுக்கு அது அடக்க விலை.
வந்தவர்களுக்கு அழுக்கு.
வெளிநாட்டுச் சொந்தங்களை
மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போவோம்,
ஏசி, இளநீர்,
"நம்ம ஆளுங்க, பார்த்துப் போடுவோம்."
நம்ம ஆளுங்க என்ற சொல்லுக்கு மட்டும்
சேலைக்கு எண்ணூறு.

நோட்டுகளை எண்ணினேன்.
அதில் தமிழ் இருந்தது.
கேள்விப்பட்டிருக்கிறேன்தான், ஆனாலும்
கடல் தாண்டி வந்து ஏமாந்த தொகையை
தாய்மொழியில் வாசிக்க நேர்வது
வேறு மாதிரி வலிக்கிறது.
ஒரு நோட்டை என் முகத்தருகே நீட்டி
அந்த எழுத்தின் மேல் நகத்தை வைத்தார்,
நகத்தடியில் கிரீஸ்.
"கி எத்தே சா?"
என்ன இது என்கிறார்.
ஐந்நூறு, என்றேன்.
"ஐன்... நூரு."
அறுபது வயதிருக்கும். தினமும் எண்ணுகிற பணம்.
ஏழு நோட்டையும் ஒவ்வொன்றாக விரித்து
ஏழு தடவை சொன்னார், ஐந்நூறு, ஐந்நூறு,
ஆறாவதில் உச்சரிப்பு திருந்திவிட்டது.
என்னிடமிருந்து அதிகமாக எடுத்ததை
எனக்கே தமிழில் எண்ணிக் காட்டி
கடைவாய்த் தங்கப்பல் தெரியச் சிரித்தார்.
நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பிறகு பெட்டியைத் தட்டினார்.
"திஃபி" என்றார்,
இடுப்பளவில் தொடங்கிய கை
தோள் வரை உயர்ந்து நின்றது.
கழுத்தைச் சுற்றி விரலால் மூன்று முடிச்சுப் போட்டார்.
கயிறு குறைந்த பெட்டியை டிக்கி மேலேயே திறந்தேன்.
மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை.
கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டுதான்
சேலையைத் தொட்டார்.
மடிப்பைத் தடவி, ஜரிகையைத் தடவி,
சீட்டின் மூலைக்கு வந்து நின்றது அதே நகம்.
"கி எத்தே சா?"

படிக்கத் தெரிந்தவன் என்று
நம்பிக் கேட்கிறார்.

கயிற்றைத் தேடுவதுபோல் குனிந்தேன்.
என் கண் ஏற்கெனவே அவர் செருப்பில் இருந்தது,
இடது கால் வார் அறுந்து
தடித்த நூலில் தைத்த இடத்தில்.