முப்பத்தோராம் இதழின் ஓட்டை

ஐந்து பிரதி வைத்திருக்கிறேன்.
ஐந்திலும் கடைசித் தாளில் ஓட்டை,
தீப்பெட்டி அகலத்துக்கு, ஒரே இடத்தில்.

வெண்கலமணி காமிக்ஸ், இதழ் முப்பத்தொன்று,
'ஒன்பதாவது கலங்கரை விளக்கு',
விலை எழுபத்தைந்து காசு.
அந்தப் பக்கம் கூப்பன்:
வெட்டி அனுப்பினால் இருட்டில் ஒளிரும் மோதிரம்.
இந்தப் பக்கம், சரியாக அதன் முதுகில்,
இன்ஸ்பெக்டர் வில்ஃப்ரெட் முகமூடியை உருவும் கட்டம்.
யோசிக்காமல் அச்சுக் கோத்த புண்ணியவானை
நான் திட்டாத வருஷம் கிடையாது.

முதல் பிரதி என்னுடையதேதான்.
ஒன்பது வயதில், அப்பாவின் சவர பிளேடால் வெட்டினேன்.
கதை முடியும் முன்பே மோதிரம் வேண்டியிருந்தது.

மின்வாரியத்தில் கணக்கெடுக்கும் வேலை.
யார் வீட்டுக்குள்ளும் போகலாம்.
மீட்டரில் ஒரு கண், பரணில் ஒரு கண்.
இரண்டாவது பிரதி அப்படித்தான் கிடைத்தது,
கல்லிடைக்குறிச்சியில், அப்பளக் கட்டுக்கு அடியில்,
உளுந்து வாசத்தோடு, ஓட்டையோடு.
செய்துங்கநல்லூரில் ரிட்டையர்டு கேட்கீப்பர் மரியசூசை
நூற்றைம்பது கேட்டார்.
ஓட்டையை விரித்துக் காட்டினேன்.
"அதையும் சேத்துத்தான் சொல்லுதேன்" என்றார்.
நான்காவது, வெள்ளத்தில் ஊறிக் காய்ந்து
தலையணை மாதிரி உப்பியது.
ஐந்தாவதை வாங்கும்போது
கடைசித் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

தச்சநல்லூர் வீட்டில் இது மூன்றாவது பீரோ.
பாட்டுப் புத்தகங்கள், தீப்பெட்டிப் படங்கள்,
நசுங்கிய சோடா மூடி நானூறு,
யானை சைக்கிள் ஓட்டும் என்று
சத்தியம் செய்கிற சர்க்கஸ் நோட்டீஸ் ஒன்று.
வீட்டுக்காரர் சண்டை போடுவதில்லை.
சட்டையை முகர்ந்து பார்த்து
"இன்னைக்கும் பாச்சா உருண்டை" என்பார், அவ்வளவுதான்.

போன ஆடியில்
மேலப்பாளையம் எடைக்கடை கிதர் முகைதீன் போன் பண்ணினார்.
"சிவகாசிப் பக்கம் ஒரு அச்சாபீஸைக் காலி பண்ணுனாவ.
ஒரு சாக்கு கெடக்கு. பொடிப்பொடியா வெட்டுன தாளு.
ஒங்க கிறுக்குக்கு ஆகுமான்னு பாருங்க."

சாக்கு முழுக்கக் கூப்பன்.
ஒரு மோதிரம்கூடப் போகவில்லை போலிருக்கிறது.

பெயர், வயது, ஊர்.
கோணல் கத்தரி, பல் வைத்துக் கிழித்தது,
பசைக்குப் பதில் சோற்றுப் பருக்கை.
விரல் அளவு என்று கேட்டிருந்த இடத்தில்
ஞா. ஜெபசீலி, வயது ஏழு, டோனாவூர்,
விரலைத் தாளில் நிறுத்திச்
சுற்றிலும் பென்சில் ஓட்டியிருந்தாள்.
பக்கத்தில் எழுதியிருந்தாள்: "இன்னும் வளரும்."

என் பெயரைத் தேடினேன். மூன்று ஞாயிறு.
இல்லை.

ஜெபசீலியை எடுத்து என் ஓட்டையில் வைத்தேன்.
ஒரு பக்கம் இடித்தது,
மறுபக்கம் நூல் அளவு வெளிச்சம்.
பிறகுதான் திருப்பினேன்.

சிவப்பு மை தள்ளி விழுந்திருந்தது.
முகமூடி கையில் இருந்தது.
முகம் இருந்த இடத்தில் ஒரு குழப்பம், இரண்டு மூக்கு.
வில்ஃப்ரெட் வாயருகே ஒரே சொல்: "நீயா!"

சாக்கைக் கொட்டி நாற்பது ஐம்பது பார்த்தேன்.
எல்லாருக்கும் இரண்டு மூக்கு.

ராத்திரி பதினொன்றுக்கு ஓசூருக்கு அடித்தேன்.
"சேர்மதுரை, அன்னைக்குக் கூப்பனைத் தபால்ல போடச் சொல்லி
ஒன்கிட்டதானே காசு தந்தேன்?"
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்.
"குச்சி ஐஸ் தின்னுட்டேன்க்கா."
"கூப்பன்?"
"அதையும் கொஞ்ச நாள் வச்சிருந்தேன்."
பிறகு, தூக்கம் கலைந்தவன் போல,
"அந்த ரெண்டு மூக்குக்காரன் யாருன்னு
கடைசி வரைக்கும் தெரியவே இல்ல பாத்தியா."

முப்பத்தெட்டு வருஷம்
எனக்கு முன்னாலேயே அங்கே நின்றிருக்கிறான்,
ஒன்றும் சொல்லாமல்.

முப்பத்திரண்டாம் இதழில், வாசகர் கடிதப் பகுதியில்
பிழைதிருத்தம் வந்திருக்கலாம்.
களக்காட்டில் ஒரு வீட்டுப் பரணில்
பச்சை டிரங்குப் பெட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.
அடுத்த ரீடிங் இருபதாம் தேதி.