கியூ என்று தொடங்கும் எண்

பில்ஸ்டனில் ஒரு ஷெட்டைக் காலிசெய்தவர்களிடம்
நூற்று நாற்பது பவுண்டுக்கு வாங்கினேன்.
உடல் இல்லை. எஞ்சின் இல்லை.
நான்கு சக்கரம், நான்கு கம்பெனி.
மழையில் கிடந்த எலும்புக்கூடு என்று சொல்ல வந்தேன்;
எலும்புக்கூட்டுக்காவது
யாருடையது என்ற விசாரணை உண்டு.
இதற்கு, எண் தகடு இருந்த இடத்தில்
இரண்டு ரிவெட் ஓட்டை.
அவ்வளவுதான் ஜாதகம்.

சனிக்கிழமைகளில் ஆள் வரத் தொடங்கியது.
டெரெக் ஹாட்கிஸ் முன்பக்கத்தைப் பார்த்து
'ஹெரால்டு, சந்தேகமே இல்லை' என்றார்.
அவருடைய மைத்துனர் பின் ஆக்ஸிலைத் தடவி
'மோரிஸ் மைனர்' என்றார்.
இரண்டு பேரும் சரி.
முகம் ஒரு வீட்டு ஜாடை, நடை ஒரு வீட்டு ஜாடை,
நடுவில் ஓடும் இந்த இரண்டு குழாய்
எந்த வீட்டுப் பிள்ளை?

வால்வர்ஹாம்ப்டன்காரர் ஒருவர்
பழைய விலைப்பட்டியல்களை பிஸ்கட் டப்பாவில் கொண்டுவந்தார்.
அச்சுக்கு அச்சு எண்பத்தெட்டரை அங்குலம்.
எண்பத்தெட்டு உண்டு, எண்பத்தொன்பது உண்டு,
அந்த அரை எதிலும் இல்லை.
அரை அங்குலத்துக்காக
மூன்று கோப்பை தேநீர் குடித்தார்.
'உண்மையில் இது எங்கிருந்து வந்தது?' என்றார், கிளம்பும்போது.
என்னையும் இப்படிக் கேட்பார்கள்.
டட்லி என்பேன்.
அதற்கு முன்? என்பார்கள்.
டிப்டன் என்பேன்.

பகலில் என் வேலை
பாய்லர் வெல்டுகளுக்குள் ஒலியை அனுப்பி
விரிசல் இருக்கிறதா என்று கேட்பது.
ஆகவே பட்டியல்களை மூடிவிட்டு
கம்பித் தூரிகையை எடுத்தேன்.
கறுப்புக்குக் கீழே சிவப்பு.
சிவப்புக்குக் கீழே ஆஸ்பத்திரிச் சுவரின் பச்சை.
பச்சைக்குக் கீழே
கைகள்.

ஒரே ஆள் போட்டிருந்தால் ஒரே சாய்வு,
சாய்த்து அடுக்கிய காசு போல ஒரே அலை இருக்கும்.
இங்கே முதல் இணைப்பு இடக்கை.
இரண்டாவதுக்கு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்.
மூன்றாவது பயந்த ஆள், நின்று நின்று போயிருக்கிறார்.
அடுத்தது, கல்லுக்கு வெளியே வழிந்த தோசை மாவு.
பதினான்கு இணைப்பு. பதினான்கு பேர்.
எந்தத் தொழிற்சாலை
ஒரு சேஸிக்குப் பதினான்கு ஆளை வைக்கும்?

ஒவ்வொன்றின் பக்கத்திலும், நெல்மணி அளவில்,
இரண்டு எழுத்து குத்தியிருந்தது.
ஜி.டி. போட்டது மட்டும்
இரண்டு முறை அரைத்தெடுத்து
மூன்றாம் முறை போட்டது.
அந்த மூன்றாவது
இன்று என் மேஜைக்கு வந்தாலும் கையெழுத்திடுவேன்.

டெரெக்தான் தலையைச் சொறிந்தபடி சொன்னார்:
தொழிற்கல்லூரியில், இப்போது மெத்தைக் கடை இருக்கிறதே அங்கே,
கார் செய்வதாக ஒரு பேச்சு இருந்தது;
வகுப்பில் ஒரே ஒரு பெண்;
கோஸ்லியில் நாய் குளிப்பாட்டும் கடை வைத்திருக்கிறாள்.

கிளெனிஸ் டிரான்டர் ஈரக் கையோடு வந்தார்.
கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார். தொடவில்லை.
'எழுபத்து நாலு. திங்கள் மாலை.
கரண்ட் இருந்த திங்கள் மட்டும்.'
அந்த அரை அங்குலம்?
'டேப்பின் முனை ஒடிந்திருந்தது.'

உடலும் எஞ்சினும் சேர இரண்டு வருடம் ஆயிற்று.
படிவத்தில் தயாரிப்பாளர் என்ற கட்டத்தில்
'திங்கள் மாலை வகுப்பு' என்று எழுதினேன்.
ஸ்வான்சியிலிருந்து பதில் வந்தது:
தோற்றத்தை உறுதிசெய்ய இயலவில்லை.
கூடவே, கியூ என்று தொடங்கும் ஓர் எண்.
வயதும் வழியும் தெரியாத வண்டிகளுக்கு
இந்த நாடு ஒதுக்கிய எழுத்து.

தகட்டைத் திருகும்போது கிளெனிஸ் விளக்கைப் பிடித்திருந்தார்.
சோதனைக்கு ஓட்டிப்போனபோது
ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தது என்றேன்.
எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.
'இடது' என்றார்.
'பதினான்கு பேருக்கும் அன்றே தெரியும்.'
விளக்கை என் கையில் கொடுத்துவிட்டு,
ஒரு ஸ்பானியல் காய்ந்துகொண்டிருக்கிறது என்று கிளம்பினார்.